கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று அவளுக்கு இருந்தது. அது வங்கிப் புத்தகத்தோடு நின்றுபோனது. மற்றபடி உலகத்துக்கெல்லாம் அவள் டிட்டோ. வயதில் சின்னவர்களுக்கு டிட்டோ அக்கா, மண்டபத்துக் காவலாளிக்கு டிட்டோ மேடம். அந்தப் பேரைச் சூட்டிய புண்ணியவான் அவர்களுடைய மெல்லிசைக் குழுவின் அறிவிப்பாளர். கல்யாண வரவேற்போ கம்பெனி ஆண்டு விழாவோ, அவள் பாட எழுந்தால் அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வருவார். "எல்லாரும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. ரெக்கார்டு ஓடுதா, ஆள் பாடுறாங்களான்னு அப்புறமா சொல்லுங்க. அப்படியே டிட்டோ" என்பார்.

சனங்களும் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொள்ளும். அவள் பாடுவாள். பாடுவது அவள்தான், ஆனால் கேட்பது அந்தம்மாவின் குரல். அந்தம்மா என்றால் யார் என்று கேட்காதீர்கள், அவர்கள் வீட்டில் அந்தம்மா என்றால் ஒரே ஒருவர்தான்: பொற்காலம் என்று எல்லோரும் சொல்கிற காலத்தில் எல்லாப் பாட்டையும் பாடிய அந்த ஒருவர். அந்தம்மா எங்கே மூச்சு எடுத்தாரோ அங்கேதான் டிட்டோவும் எடுப்பாள். ஒரு பாட்டைப் பதிவு செய்த அன்று அந்தம்மாவுக்கு லேசாக ஜலதோஷம் இருந்திருக்கிறது. டிட்டோ அந்த ஜலதோஷத்தையும் சேர்த்தே பாடுவாள். கேட்டவர்கள் மூக்கின் மேல் விரல் வைப்பார்கள்.

ஒரே ஒரு குறை. கச்சேரிக்குக் கிளம்புவதென்றால் அவள் மத்தியானமே ஆரம்பித்துவிடுவாள். புடவையை இஸ்திரி போட்டு, மடிப்பு கலையாமல் கட்டி, கண்ணாடி முன்னால் நின்று, மகளை வேறு கூப்பிட்டுப் பின்பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, இத்தனை பாடும் பட்டு மேடைக்குப் போனால், எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? பின்னால் கீபோர்டு வாசிக்கிற புருஷன் பார்த்தாலும் பரவாயில்லை. அவருக்கும் அவள் முதுகுதான் தெரியும்.

இந்தக் காலத்துப் பாட்டு என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் மட்டும் டிட்டோவுக்குச் சாமி வந்துவிடும். பாட்டா அது, பாத்திரம் உருள்கிற சத்தம். மெட்டு கிடையாது, வார்த்தை புரியாது, பாடினவனுக்கே அடுத்த வருஷம் மறந்துபோகும். அந்தக் காலத்தில் ஒரு பாட்டுக்கு ஒரு கூடம் நிறைய ஆள் உட்கார்ந்து வாசித்தார்கள், ஒருத்தர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. இன்றைக்கு ஒருத்தி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, மடிக்கணினியைத் தட்டித் தட்டி மொத்தப் பேரையும் அதற்குள்ளேயே உட்கார்த்தி வைத்துவிடுகிறாள். அந்த ஒருத்தி வேறு யாருமில்லை, அவள் பெற்ற மகள்தான். சோப்பு, டயர், பல் ஆஸ்பத்திரி என்று விளம்பரங்களுக்கு இசை போட்டுச் சம்பாதிப்பவள். ஒழிந்த நேரத்தில் சொந்தமாகப் பாட்டும் போடுவாள்.

அம்மாவும் மகளும் இதற்காகச் சண்டை போடாத வாரம் இல்லை. ஒரு தடவை மகள் பொறுமையாகவே சொல்லிப் பார்த்தாள்.

"அந்தக் காலத்துலயும் குப்பை இருந்துச்சும்மா. எல்லாத்தையும் யாரோ கூட்டித் தள்ளிட்டாங்க. மிச்சம் நின்னதை வெச்சுக்கிட்டு நீ பொற்காலம்ங்கிற. எங்க காலத்துக் குப்பை இன்னும் வாசல்லயே கிடக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"சரி, கூட்டித் தள்ளினப்புறம் உன் பாட்டு நிக்குமா?"

மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று டிட்டோ சமையலறைக்குப் போனாள். போய் நின்றபிறகு ஏன் அப்படிச் சொன்னோம் என்று இருந்தது. ஆனால் இறங்கி வருகிற பழக்கம் அந்த வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது.

அவளிடம் இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது, அதுதான் பெரிது. இந்தக் காலத்துக்காரர்கள் புதுப்பாட்டைக் கெடுத்தது போதாதென்று பழைய பாட்டையும் வேகமாக ஓடவிடுகிறார்களாம். எப்படித் தெரியும் என்றால், அவளுக்குத் தெரியும். ரெக்கார்டோடு சேர்ந்து பாடுவதை அவள் மரியாதைக் குறைவாக நினைப்பவள். அந்தம்மா பாடும்போது வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், அவ்வளவுதான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே தன்னை மறந்து கூடப் பாடிவிட்டாள். சரணத்தில் அந்தம்மா மேலே போன இடத்துக்கு அவளால் போக முடியவில்லை. திடுக்கென்று புருஷனைப் பார்த்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ப்ளேயர் வேகமா ஓடுது" என்றார். வேகமாக ஓடினால் ஸ்ருதியும் ஏறும் என்பது பாட்டுக்காரர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவள் ப்ளேயரைப் பழுது பார்க்கக் கொடுத்தாள். ஒன்றும் கோளாறு இல்லை என்று திருப்பித் தந்த கடைக்காரரை ஒன்றுக்கும் லாயக்கில்லாதவர் என்றாள். பிறகு போனில் கேட்டபோதும் பாட்டு உயரத்திலேயே இருந்தது. அதிலிருந்துதான் ஆரம்பித்தது. "எல்லாத்துக்கும் அவசரம். அந்தம்மாவையும் சேர்த்துத் துரத்துறானுங்க" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். குழுவில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மகள்கூட இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எதிர்த்துப் பேசமாட்டாள். தன் வாதத்தில் இருந்த நியாயம்தான் அவள் வாயை அடைத்துவிட்டது என்று டிட்டோ நினைத்துக்கொண்டாள்.

இவ்வளவு தூரம் அந்தக் காலத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாளே, அந்தக் காலம் அவளுக்கு என்ன செய்தது என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. இருபது வயது தாண்டாத பெண்ணாக ஓர் இசையமைப்பாளர் முன்னால் போய் நின்று பாடிக் காட்டினாள். அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, "ரொம்ப நல்லா இருக்கும்மா. அப்படியே அவங்கதான்" என்றார். அவள் மனசு பறந்தது. "ஆனா அவங்களே இருக்காங்களேம்மா" என்றார் அடுத்தபடியாக. வீட்டுக்கு வந்தவள் முதல் பாதியை மட்டும் எல்லோரிடமும் சொன்னாள். இரண்டாவது பாதியைப் புருஷனைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. எந்த வாசல் தனக்குத் திறக்கவில்லையோ அந்த வாசலில் நின்றே இத்தனை வருஷமும் அந்த வீட்டின் பெருமையைப் பேசிவிட்டாள், பாவி.

அவளுக்கென்று ஒரு பாட்டு வேண்டும். அதுதான் அவள் ஆசை, வேறு ஒன்றும் இல்லை. பெரிய பாட்டாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எங்கோ ஒரு வீட்டில் யாரோ அதைக் கேட்டுவிட்டு, இது இன்னார் பாட்டு என்று தன் பேரைச் சொல்ல வேண்டும். வங்கிப் புத்தகத்தில் இருக்கிற அந்தப் பேரை.

அப்படி இருக்கிறவளிடம்தான் மகள் வந்து, ஒரு பாட்டு போட்டிருக்கேன், நீ பாடுறியா என்று கேட்டாள். டிட்டோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். மகள் தானே முணுமுணுத்துப் பதிவு செய்திருந்தாள். மெட்டு மேலே போகாமல் கீழேயே உலாத்தியது, நடுநடுவே சும்மா நின்றது. "இதுல பாட என்ன இருக்கு? பேசுற மாதிரி இருக்கு" என்று கழற்றி வைத்துவிட்டாள். மகள் முகம் சுருங்கியதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிட்டாள். ஆனால் அந்தப் பாழாய்ப்போன மெட்டு அவளை விடவில்லை. குளிக்கும்போது வரும், பேருந்துக்கு நிற்கும்போது வரும். வந்தால் உடனே அந்தம்மாவின் பாட்டு ஒன்றைப் பாடி அதை விரட்டுவாள்.

இந்தச் சமயத்தில்தான் புருஷனுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. புரை முற்றிவிட்டது, இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, குனியக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது. ஒத்துக்கொண்ட கச்சேரி ஒன்று பாக்கி இருந்தது, ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. வேறு குழுவிலிருந்து ஒருவரை வரச் சொன்னார்கள். நடுத்தர வயது, தலைமுடியைப் பின்னால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பார், எல்லோரும் போனிடெயில் என்பார்கள். விரல் சுத்தம், பேச்சு கம்மி. மேடைக்குப் பின்னால் அவர் மரியாதையாக வந்து, "அக்கா, உங்களுக்கு எந்த ஸ்ருதி வைக்கட்டும்?" என்று கேட்டார்.

டிட்டோவுக்குச் சுருக்கென்றது. தன்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா?

"ஒரிஜினல்தான். நான் என்னிக்கு மாத்திப் பாடியிருக்கேன்?"

கிட்டார்க்காரர் ஏதோ சொல்ல வந்தார். அறிவிப்பாளர் இருமினார். அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை, புடவை முந்தியைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம், கூடம் நிறைய ஆட்கள். அறிவிப்பாளர் வழக்கம்போல முன்னால் வந்தார், குரலில் மட்டும் வழக்கமான தெம்பு இல்லை. கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க என்றார். மூடிக்கொண்டார்கள். பல்லவி எப்படியோ போய்விட்டது. தொண்டை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, தண்ணீர் குடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சரணத்தில் அந்தம்மா ஏறுகிற இடம் வந்தது. டிட்டோவும் ஏறினாள். பாதியில் குரல் பிளந்தது. காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள், இந்தத் தடவை கீச்சென்று ஏதோ ஒன்று வந்தது, அதைக் குரல் என்று சொல்ல முடியாது.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கண்ணைத் திறந்தார்கள்.

முப்பது வருஷமாக எதற்கு ஏங்கினாளோ அது நடந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். இரக்கம்தான், சிரிப்பு இல்லை. இரக்கம் இன்னும் மோசமாக இருந்தது. டிட்டோ மைக்கை அதன் இடத்தில் வைத்தாள், இறங்கிப் போய்விட்டாள்.

மேடைக்குப் பின்னால் அவள் போனிடெயிலைப் பிடிபிடியென்று பிடித்தாள். ஸ்ருதி தெரியாதவன் எல்லாம் எதற்குக் கீபோர்டைத் தொடுகிறான் என்று கேட்டாள். மனுஷன் போனில் அந்தப் பாட்டைப் போட்டு, கூடவே கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திக் காட்டினார். இரண்டும் ஒரே ஸ்ருதியில் நின்றன. அது வேகமாக ஓடுகிறது என்றாள். எந்தப் போனில் கேட்டாலும் இதே வேகம்தான் அக்கா என்றார் தயங்கித் தயங்கி. அப்புறம் அந்த அப்பாவி மனுஷன், சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்.

"அண்ணன் உங்களுக்கு ஒன்றரைக் கட்டை இறக்கித்தான் வாசிப்பாருன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க ஒரிஜினல்னு சொன்னதும், இன்னிக்கு அப்படி வேணும்போலன்னு நெனச்சேன்."

டிட்டோ சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். கிட்டார்க்காரர் செருப்பைத் தேடினார். டிரம்ஸ்காரர் அவிழ்க்க வேண்டிய அவசியமில்லாத எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் பாட்டு மொத்தமும் ஒரு படி கீழே இறங்கும். புருஷன் அதை வருஷக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, அவளுக்குத் தெரியாமல் அழுத்தி வந்திருக்கிறார். அவள் குழு முழுவதும் அவளுக்காக ஒரு பொய்யை வாசித்துக்கொண்டிருந்தது. அவள்தான் போகிற இடமெல்லாம் காலம் வேகமாக ஓடுகிறது என்று பிரசங்கம் செய்திருக்கிறாள். வீட்டுக்குப் போகிற வழியில் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது: மகளுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் காதுக்குத் தெரியாமல் இருக்குமா? எத்தனை சண்டை, எத்தனை எடுத்தெறிந்த பேச்சு. ஒரே வார்த்தையில் அம்மாவின் வாயை அடைத்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் எடுக்கவே இல்லை.

புருஷன் கூடத்தில் விளக்கைப் போடாமல் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது போலிருக்கிறது, எழுந்து நின்றார்.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"உனக்குக் கழுத்துல தைராய்டு ஆபரேஷன் ஆச்சே, அந்த வருஷம். முதல்ல அரைக் கட்டை."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திடுவ" என்றார். "குரல் கெட்டுப்போச்சுன்னு நீ நெனச்சுப்ப. கெடல. வேற இடத்துக்குக் குடி போயிடுச்சு. நான் பின்னாடியே சாமானைத் தூக்கிக்கிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்றைக்கு அவள் உள்ளே போய், கட்டியிருந்த புடவையோடு படுத்துக்கொண்டாள். என்னை முட்டாளாக்கிவிட்டார்களே என்று முதலில் அழுகை வந்தது. அது அடங்கியபிறகு வந்ததுதான் நிஜமான அழுகை. அந்தம்மாவின் குரல் அவளிடம் இல்லை. போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவளிடம் இருந்த ஒரே சொத்து அதுதான், அதுவும் இன்னொருத்தருடையது.

அதற்குப் பிறகு அந்த வீடு ஒரு வீடாகவே இல்லை. கச்சேரி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சாப்பாடு போட்டாள், வேளா வேளைக்குச் சொட்டு மருந்து விட்டாள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மருந்து விடும்போது அவர் அண்ணாந்து கண்ணை அகல விரித்துக் காத்திருப்பார். அவள் சொட்டை விட்டுவிட்டு, துணியால் ஒற்றிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். காலையில் அவள் சமைத்துக்கொண்டே பாட, அவர் கூடத்திலிருந்து வாசிக்கிற பயிற்சி நேரத்தில் கீபோர்டின் மேல் போட்ட துண்டை அவர் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடுப்படியில் நின்றபடி அவள் அதைப் பார்ப்பாள். தொண்டைக்குள் அரிப்பது மாதிரி இருக்கும். பாட வேண்டும் என்று உடம்பு கேட்டது. எதைப் பாடுவது? பாட்டெல்லாம் மேலே எங்கேயோ அந்தம்மாவின் வீட்டில் இருந்தது, அங்கே போக இவளிடம் படி இல்லை.

ஒருநாள் காலை மகளின் அறையைப் பெருக்கப் போனாள். மகள் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய போர்வைகள் தொங்கின. மைக்குக்கு முன்னால் ஒரு கம்பி வளையத்தில் காலுறை ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தாள், பாடுகிறவர் மூச்சுக்காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க. அது டிட்டோவின் காலுறை. எங்கே காணோம் என்று இத்தனை நாள் தேடியது. திட்டிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்போனை எடுத்து மாட்டினாள். கணினியில் அந்தப் பாட்டுதான் நின்றிருந்தது. பொத்தானைத் தட்டினாள்.

முதல் தடவை மெட்டை மட்டும்தான் கேட்டிருந்தாள், குறை கண்டுபிடிக்கிற அவசரத்தில். இந்தத் தடவை வார்த்தை காதில் விழுந்தது.

நாற்காலி எல்லாம் மடித்தாகிவிட்டது
வீட்டுக்குப் போகலாம் வா
உன் குரல் மட்டும் மேடையில் நிற்கிறது
அதையும் கூட்டி வா

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கச்சேரிக்கு அவளையும் தூக்கிக்கொண்டு போன காலம் டிட்டோவுக்கு ஞாபகம் வந்தது. கூடத்தின் கடைசியில் மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, போர்வையை விரித்துப் படுக்க வைத்துவிட்டு மேடைக்குப் போவாள். முடிந்து வரும்போது ஆட்கள் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அந்த மூன்றை மட்டும் எடுக்காமல் விட்டிருப்பார்கள். குழந்தை எழுந்து உட்கார்ந்து காத்திருக்கும். அதை இவள் தூக்கம் கெட்டுப்போன பிடிவாதம் என்றுதான் எப்போதும் திட்டியிருக்கிறாள்.

பால் வாங்கிக்கொண்டு வந்த மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். டிட்டோ ஹெட்போனைக் கழற்றாமல் கேட்டாள்.

"இது எந்த ஸ்ருதி?"

"இன்னும் வைக்கலம்மா. நீ பாடினா, உன் குரல் எங்க இருக்கோ அங்க."

"ஒரிஜினல்னு ஒண்ணு இருக்கும்ல?"

"இல்ல. நீ பாடுறதுதான் ஒரிஜினல்."

டிட்டோ ரொம்ப நேரம் அந்தக் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பாலைக் காய்ச்சிவிட்டு வா, பாடிப் பார்க்கலாம் என்றாள்.

எளிதாக வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பெரும் கூத்தாகிவிட்டது. வாயைத் திறந்தால் அந்தம்மா வந்தார். வீட்டுக்குப் போகலாம் வா என்பதை, காதலனைத் தோட்டத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி குழைந்து பாடினாள். மகள் நிறுத்தினாள், சாதாரணமாகப் பாடு என்றாள். சாதாரணமாகப் பாடுவது என்றால் எப்படி என்று இவளுக்குத் தெரியவில்லை. யார் மாதிரி என்று கேட்டாள். யார் மாதிரியும் இல்லை என்றாள் மகள். எங்கே மூச்சு எடுப்பது என்று கேட்டாள். மூச்சு முட்டுகிற இடத்தில் என்றாள் மகள். டிட்டோவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. அந்தம்மாவை எடுத்துவிட்டால் உள்ளே யாருமே இல்லையோ என்ற பயம். இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டைக் காவல் காத்துவிட்டு, சொந்த வீட்டுக்கு வந்து பார்த்தால் வெறும் மனையாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

"என்னால ஆகாதுடி" என்றாள். "விட்டுடு. உன் வயசுல யாராவது பாடுவாங்க."

மகள் கூடத்துக்குப் போய் அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்து மேசையில் இருந்த சின்னக் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தார். அந்த அறையில் மேடையும் கிடையாது, முன்னும் பின்னும் கிடையாது. மைக்குக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள், முட்டியோடு முட்டி இடிக்கிற தூரம்.

டிட்டோ காத்திருந்தாள். ஆரம்ப ஸ்வரத்தை அவர்தான் எப்போதும் கொடுப்பார். ஒரு கட்டையை லேசாகத் தொடுவார், அவள் அதைப் பிடித்துக்கொண்டு கிளம்புவாள். அவர் விரலை வைக்கவில்லை. அவள் பார்த்தாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஸ்வரம் குடுங்க."

"நீ குடு" என்றார். "நான் தேடிக்கிறேன்."

அந்தச் சண்டைக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை இதுதான். டிட்டோ தொண்டையைச் செருமினாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், எங்கே இருந்தாளோ அங்கேயே ஆரம்பித்தாள். கீழே, கொஞ்சம் கரகரப்பாக, ராத்திரி முழுக்கப் பேசாதவர்கள் காலையில் முதலில் பேசுகிற குரலில். அது அவளுக்கே அன்னியமாக இருந்தது. அவர் விரல்கள் கட்டைகளின் மேல் தடவித் தேடி, அவள் நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, அவளுக்குக் கீழே வந்து நின்றன. அவள் மேலே போகவில்லை. போக வேண்டிய அவசியமே அந்தப் பாட்டில் இல்லை. மகள் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டிருக்கிறாள், அம்மாவின் குரல் இன்று எந்த அறைகளில் புழங்குகிறதோ அந்த அறைகளுக்குள் மட்டும். அதையும் கூட்டி வா என்ற இடத்தில் மூச்சு முட்டியது, நின்றாள், மூச்சு எடுத்தாள், பாடினாள். அந்தம்மா அங்கே நின்றிருக்கவே மாட்டார்.

முடிந்தபோது மகள் கணினித் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ சரி செய்வதுபோல மூக்கை உறிஞ்சினாள்.

டிட்டோவுக்கு மனசு நிறைந்தும் இருந்தது, வலித்தும் இருந்தது. இந்தப் பாட்டு இருபது வயதில் கிடைத்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்து போனது. அப்போது கிடைத்திருந்தால் அவள் இப்படிப் பாடியிருக்கமாட்டாள், அதுவும் தெரிந்தது. தெரிந்தாலும் ஏக்கம் ஏக்கம்தானே. புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. இனிமே எனக்காக எதையும் இறக்கிச் சொல்லாதீங்க. இது அந்தம்மா பாட்டுக்கெல்லாம் ஈடாகுமா?"

கேட்டபிறகுதான் கவனித்தாள். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கீபோர்டின் மேல் வைத்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. ஆபரேஷன் செய்த கண் சிவந்து, நீர் கட்டி நின்றது. அந்தக் கண்ணால் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது கழற்றினார் என்று அவளுக்குத் தெரியாது. முதல் வரியிலேயே கழற்றியிருக்க வேண்டும்.

"தெரியல" என்றார். "அதையெல்லாம் நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டவன். உன் பாட்டைக் கேட்டது உன் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து. பாடும்போது உன் முகம் இப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

டாக்டர் என்ன சொன்னார், வெளிச்சம் படலாமா, கொஞ்சமாவது அறிவு இருக்கிறதா என்று ஒரு மூச்சு திட்ட வாயெடுத்தாள். எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். திரும்பி வந்து கண்ணாடியைக் கையில் எடுத்தாள், புடவைத் தலைப்பால் துடைத்தாள், அவரிடம் நீட்டப் போனவள் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை பாடுறேன்" என்றாள். "அப்புறம் போட்டுக்குங்க."